இன்குபேட்டர் ஒப்பந்தம்

சித்திரை மாதத்திலிருந்து நானும் சிராஜுதீனும் பேசிக்கொள்ளவில்லை. சண்டை எதுவும் போடவில்லை. போட்டிருந்தால் பேச்சாவது இருந்திருக்கும்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இருவரும் ஆய்வு மாணவர்கள். எங்கள் ஆய்வகத்தில் ஒரே ஒரு இன்குபேட்டர் உண்டு. பார்க்கக் கண்ணாடிக் கதவு போட்ட பீரோ மாதிரி இருக்கும். உள்ளே கண்ணாடித் தட்டுகளில் வைக்கும் நுண்ணுயிர்களுக்கு நாம் சொல்லும் வெப்பத்தை, சூடாக்கியோ குளிரவைத்தோ, மாறாமல் கொடுப்பது அதன் வேலை. நான் தாமிரபரணித் தண்ணீரில் இருக்கும் பாக்டீரியாக்களை ஆராய்கிறேன். அவற்றுக்கு முப்பத்தேழு டிகிரி வேண்டும். சிராஜுதீன் வாழையை வாடவைக்கும் ஒரு பூஞ்சையை வளர்க்கிறான். அதற்கு இருபத்தெட்டு.

சித்திரையில் ஒரு நாள் அவன் இருபத்தெட்டுக்கு மாற்றிவிட்டுப் போனான். என் பாக்டீரியாக்கள் சரியாக முளைக்கவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் முப்பத்தேழுக்கு மாற்றினேன். அவன் பூஞ்சைகள் வெந்துபோயின. அவனும் ஒன்றும் சொல்லவில்லை. இருவருமே நல்ல குடும்பத்துப் பிள்ளைகள்.

அதன் பிறகு எங்கள் பேச்செல்லாம் ஸ்டெபி வழியாக நடந்தது. ஸ்டெபி அதே ஆய்வகத்தில் மீன் ஒட்டுண்ணிகளை ஆராய்கிறவள். உவரிக் கடற்கரைக்காரி. பாத்திரங்களை ஆவியில் அவித்துக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருப்பேன். சிராஜுதீன் அந்தக் கடைசியிலிருந்து, "ஸ்டெபி, ஆட்டோகிளேவ்ல தண்ணி இல்லன்னு சொல்லிரு" என்பான். ஸ்டெபி தலையைத் திருப்பி, "ஹெப்சி, தண்ணி இல்லயாம்" என்பாள். நான் ஊற்றுவேன்.

எங்கள் குடும்பத்துக்கு இது புதிது இல்லை. என் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே ஆலயத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தை அம்மா வழியாகக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். ஆராதனை அதனால் ஒருநாளும் தடைபட்டதில்லை.

ஐப்பசி பிறந்தது. எனக்கு அந்த ஆண்டின் முதல் வெள்ளத் தண்ணீர் வேண்டும். கோடை முழுக்கக் கரையிலும் ஓடைகளிலும் சேர்ந்தது எல்லாம் முதல் வெள்ளத்தில்தான் ஆற்றுக்குள் இறங்கும். அடுத்த வெள்ளத்தில் அது இருக்காது. போன ஆண்டு இன்குபேட்டர் பழுதாகி, மெக்கானிக் வருவதற்குள் வெள்ளம் வந்து போய்விட்டது. இந்த ஆண்டும் தவறினால் என் ஆய்வேட்டில் அந்த அத்தியாயம் இல்லை. அடுத்த ஐப்பசிக்கு நான் இங்கே இருக்கப்போவதும் இல்லை.

ஆனால் இன்குபேட்டருக்குள் ஆடியிலிருந்து சிராஜுதீனின் பூஞ்சைகள் இருந்தன. "டிசம்பர் வரைக்கும் அவனுக்கு வேணுமாம்" என்று ஸ்டெபி சொல்லியிருந்தாள். நான் "சரி" என்று சொல்லிவிட்டேன். எனக்குக் கேட்டு வாங்க வராது. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைச் சத்தமாகச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தவள் நான்.

இந்த நிலையில்தான் எங்கள் கைடு பூதத்தான் சார் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார்.

"மோதல் தீர்வுன்னு ஒரு ஒர்க்‌ஷாப். ரெண்டு நாள். ரிசர்ச் பண்ணுத பிள்ளைகளுக்குன்னே நடத்துதாங்க. துறைக்கு மூணு பேர் வேணுமாம். நம்ம லேப்ல அப்படி ஒண்ணும் கிடையாது. இருந்தாலும் போயிட்டு வாங்க. சர்டிபிகேட் உண்டு, சாப்பாடும் உண்டு."

நாங்கள் மூவரும் தலையாட்டினோம்.

பயிற்சி தருவதற்கு மாதங்கி மேடம் என்பவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். "இங்க நான் டீச்சர் இல்ல, நீங்க ஸ்டூடண்ட் இல்ல. எல்லாரும் வட்டமா உக்காரலாம்" என்றார். நாற்காலிகளை இழுத்து வட்டமாகப் போட்டோம். வட்டத்தில் கடைசி வரிசை கிடையாது என்பது உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

காலையில் முதல் பயிற்சி. எதிராளியைக் குற்றம் சொல்லாமல் நம் மனநிலையை மட்டும் சொல்ல வேண்டும். மேடம் பலகையில் எழுதினார்: "நீங்கள் இப்படிச் செய்யும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது."

வரலாற்றுத் துறை சிவகணேஷ் எழுந்தான்.

"மேடம், எங்க பக்கத்து வீட்டு அண்ணாச்சி பைக்க கொண்டாந்து எங்க வாசல்லதான் நிப்பாட்டுவாரு. அவருட்ட போயி எனக்கு வருத்தமா இருக்குன்னு சொன்னா, 'உக்காருங்க தம்பி, வீட்டுல எதும் பிரச்சினையா'ன்னு கேப்பாரு."

"நல்ல தொடக்கம்தானே அது?"

"ஆமா மேடம். காப்பியும் தருவாரு. பைக்கு அங்கனயேதான் நிக்கும்."

மேடம் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். ஆனால் அன்று முழுவதும் அந்த வாக்கியத்தை அவர் மறுபடி எடுக்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, தூக்கம் வரும் நேரத்தில், மேடம் வட்டத்தின் நடுவில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டார்.

"கதை வேணாம். நிஜமான ஒரு பிரச்சினை வேணும். இந்த ரூம்ல யாருக்காவது யார் கூடயாவது மனஸ்தாபம் இருக்கா?"

எல்லோரும் தரையைப் பார்த்தோம். நான் என் செருப்பின் வாரைப் பார்த்தேன். ஸ்டெபி கையைத் தூக்கினாள்.

"உங்களுக்கா?"

"எனக்கு இல்ல மேடம். இந்தா இவளுக்கும் இந்தா இவனுக்கும். சித்திரையில இருந்து நான்தான் ரெண்டு பேருக்கும் போன் மாதிரி கெடக்கேன். வாய் வலிக்கி மேடம்."

சிராஜுதீனின் காது சிவந்தது. "ஸ்டெபி, அப்படி ஒண்ணும் இல்லல்லான்னு அவுககிட்டயே கேளு" என்றான்.

அறை சிரித்தது. மேடத்தின் முகம், நல்ல நோயாளி கிடைத்த டாக்டரின் முகம்போல ஆனது.

எங்களை நடுநாற்காலிகளில் உட்காரவைத்தார்கள். இன்குபேட்டர் விவகாரத்தை ஸ்டெபி விளக்கினாள். மேடம் எங்களைப் பேசச் சொன்னார். நான் அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்தேன். அவன் என் தலைக்கு மேலிருந்த ஃபேனைப் பார்த்தான்.

"சரி, அப்போ இடம் மாறுங்க" என்றார் மேடம். "அவங்க நாற்காலியில உக்காந்ததும் நீங்க அவங்கதான். சிராஜுதீன் தரப்பை ஹெப்சிபா பேசணும். ஹெப்சிபா தரப்பை சிராஜுதீன் பேசணும். சொந்தக் கதை பேசக் கூடாது."

மாறி உட்கார்ந்தோம். ஏன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. என் பெயரில் திறக்காத வாய், அவன் பெயரில் திறந்துகொண்டது.

"இங்க பாருங்க" என்று ஆரம்பித்தேன். அவன் அப்படித்தான் ஆரம்பிப்பான். "பூஞ்சைன்னா பாக்டீரியா மாதிரி ஒரு ராத்திரில வந்து நிக்காது. பைய வளரும். தெனமும் அளக்கணும். நடுவுல எடுத்தா மொத்தமும் போச்சு. ஏற்கெனவே சித்திரையில என் பிளேட்ட எல்லாம் இட்லி மாதிரி அவிச்சு வச்சாச்சு. களக்காட்டுல வெயில்ல தோட்டம் தோட்டமா அலைஞ்சு கொண்டாந்தது. ஒரு வார்த்த கேட்டேனா? கேக்கல. ஆனா மனசுல இருக்கும்லா."

யாரோ கைதட்டினார்கள். எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் பேசினேன். வாழை விவசாயிகளைப் பற்றியும் பேசினேன். அவன் ஸ்டெபியிடம் சொன்னதை எல்லாம் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்ததால் அவன் வழக்கு எனக்கு மனப்பாடம்.

எதிரில் அவன் தலையைக் குனிந்து, கைக்குட்டையின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தான். நான் துப்பட்டாவை அப்படித்தான் செய்வேன். அதை அவன் கவனித்திருக்கிறான் என்பது எனக்குத் தெரியாது.

"ஹெப்சிபா, நீங்க பதில் சொல்லுங்க" என்றார் மேடம் அவனிடம்.

அவன் நிமிர்ந்து, லேசாகச் சிரித்து, மறுபடி குனிந்துகொண்டான்.

"சிராஜுதீன், நீங்க பயிற்சியில கலந்துக்க மாட்டேங்கிறீங்க."

"கலந்துக்கிட்டுதான் இருக்கேன் மேடம். அவுக இப்படித்தான் இருப்பாவ."

அறையில் எழுந்த சிரிப்பு அடங்க நேரமானது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் நான் அப்போது சிராஜுதீன். சிராஜுதீன் ஜெயித்துக்கொண்டிருந்தான்.

"அப்போ டிசம்பர் வரைக்கும் இன்குபேட்டர் எனக்கு. என்ன சொல்லுதீங்க?" என்றேன்.

அவன் ஸ்டெபி பக்கம் திரும்பி, காதில் விழுந்தும் விழாத ஒரு குரலில் சொன்னான்: "சரின்னு சொல்லிரு."

மேடம் பலகையில் பெரிதாக எழுதினார்: "ஒப்பந்தம்: இன்குபேட்டர் டிசம்பர் வரை சிராஜுதீனுக்கு. ஹெப்சிபா சம்மதிக்கிறார்." எல்லோரும் கைதட்டினார்கள். பலகைக்கு இந்தப் பக்கம் என்னையும் அந்தப் பக்கம் அவனையும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

டீ வேளையில் மழை பிடித்தது. வராந்தாவில் எல்லோரும் ஒண்டி நின்று வடை தின்றுகொண்டிருந்தோம். சிவகணேஷ் போனைப் பார்த்துச் சத்தமாக வாசித்தான். மலையில் கனமழை. பாபநாசம் அணையிலிருந்து இரவில் தண்ணீர் திறக்கப் போகிறார்கள். கரையோர மக்கள் ஆற்றில் இறங்க வேண்டாம்.

அப்படியென்றால் விடிந்தால் வெள்ளம். நான் வடையைக் கீழே வைத்தேன்.

சிராஜுதீன் தூணோரம் டீ குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எதிரில் போய் நின்றேன்.

"நான் அப்படிச் சரின்னு சொல்லிருக்க மாட்டேன்."

அவன் ஸ்டெபியைத் தேடினான். அவள் சட்னி வாளிக்குப் பக்கத்தில் இருந்தாள். வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்தான்.

"சொல்லுவீங்க. ஆடியிலயும் சொன்னீங்க."

"நாளைக்கு வெள்ளம் வருது. எனக்கு முப்பத்தேழு வேணும்."

"என்ட்ட கேட்டீங்களா?"

"கேட்டேனே. ஆடியிலயே ஸ்டெபிட்ட சொன்னேன். வெள்ளத் தண்ணி வரும்போது பெட்டியத் தரணும், இல்லன்னா என் அத்தியாயமே போயிரும்னு."

"அவ என்ட்ட சொன்னது, 'ஹெப்சிக்கும் எப்பவாது தேவைப்படுமாம்'."

"எப்பவாதா?"

"ஆமா. நான் சொன்னது, 'வேணும்னா வாயத் தொறந்து கேக்கட்டும், எடுத்துத் தாரேன்'. அது வந்துச்சா?"

"'டிசம்பர் வரைக்கும் வேணுமாம்'னு வந்துச்சு."

இருவரும் ஒன்றாகத் திரும்பினோம். ஸ்டெபி தட்டோடு அங்கே வந்திருந்தாள். அவளிடம் கலக்கம் எதுவும் இல்லை.

"பின்ன? வாயத் தொறந்து கேக்கட்டும்னு சொன்னான்னா நீ அழுவ. அத்தியாயமே போயிரும்னு நீ மெரட்டுதன்னு சொன்னா அவனுக்குக் கோவம் வரும். நடுவுல நிக்கவ பாதியத்தான் சொல்லணும் ஏட்டி. எங்க அம்மா அப்படிச் சொல்லித்தான் ரெண்டு மாமன்மாரையும் ஒரே வள்ளத்துல மீனுக்கு அனுப்பி வைக்கா."

"நான் அழுவேன்னு உனக்கு யாரு சொன்னா?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"அவள ஏன் வையுத?" என்றான் சிராஜுதீன். "என் பிளேட்ட அவிச்சுட்டு நீ ஒரு வார்த்த சொன்னியா?"

"என்னோடத குளுரப் போட்டியே, நீ சொன்னியா?"

"தெரியாமப் போட்டேன்."

"தெரியாமப் போட்டவன் வந்து தெரியாமப் போட்டேன்னு சொல்லணும்."

"நீ மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு இருந்தா எவன் வந்து சொல்லுவான்?"

"என் மூஞ்சியே அப்படித்தான்."

எப்போது 'நீ'க்கு மாறினோம் என்று இருவருக்கும் தெரியவில்லை. வராந்தாவில் டீ குடிப்பது நின்றுவிட்டது. மாதங்கி மேடம் இரண்டு கைகளையும் விரித்தபடி ஓடிவந்தார். "மூச்சை உள்ள இழுங்க, மெதுவா விடுங்க" என்றார். ஸ்டெபி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மேடம், விடுங்க. இப்பத்தான பேச ஆரம்பிச்சிருக்காங்க."

"என் பூஞ்சைய எங்க கொண்டு வைக்கச் சொல்லுத?" என்றான் அவன். "உன் தலையிலயா?"

"வெளிய மேசையில வை."

"மேசையிலயா. ரூம்ல முப்பத்தி நாலு..."

பாதியில் நிறுத்தினான். சாரல் எங்கள் இருவர் மேலும் அடித்துக்கொண்டிருந்தது. என் கையில் குளிரில் மயிர் கூச்செறிந்திருந்தது. அவன் அதைப் பார்த்தான். நானும் பார்த்தேன். இருவரும் ஆய்வகத்துக்கு ஓடினோம்.

சுவரில் தொங்கும் வெப்பமானி இருபத்தெட்டுக்கு ஒரு கோடு கீழே காட்டியது.

வெயில் காலத்தில் எங்கள் ஆய்வகம் அடுப்பு மாதிரி. அதனால்தான் பூஞ்சைக்குப் பெட்டி வேண்டியிருந்தது. ஆனால் வெள்ளம் வரும் நாளில் வெயில் இருக்காது. எனக்குப் பெட்டி தேவைப்படும் அதே நாட்களில் அறையே இருபத்தெட்டு. இது பெரிய கண்டுபிடிப்பு இல்லை. ஒருவர் 'இருபத்தெட்டு' என்று சொல்லி, இன்னொருவர் 'மழை' என்று சொல்லியிருந்தால் போதும்.

"ராத்திரி இன்னும் எறங்கிட்டா?" என்றான்.

"ஜன்னலச் சாத்து. ஃபேன போடாத."

"ஒரு டிகிரி மாறுனா எக்ஸாமினர் கேப்பான்."

"அறை வெப்பத்தில் வைக்கப்பட்டதுன்னு எழுதிரு. வாழைத் தோட்டத்துல என்ன பெட்டியா வச்சிருக்காங்க?"

அவன் ஜன்னலைச் சாத்தினான். "உன் பிளேட்டு முளைக்க வரைக்கும்தான். அதுக்கு மேல ஒரு நிமிசம் கிடையாது."

"சரி" என்றேன். இந்தச் சரி வேறு.

அப்போது பூதத்தான் சார் போனும் கையுமாக உள்ளே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"போட்டோ பாத்தேம்மா. நம்ம லேப் மோதல் ஒண்ணத் தீத்து வச்சு, அதுக்கு ஒப்பந்தமும் போட்டாச்சாமே. காலேஜ் குரூப்புல நானே போட்டுட்டேன். பிரின்சிபால் கைகுலுக்குத மாதிரி ஒண்ணு அனுப்பிருக்காரு."

சிராஜுதீன் தொண்டையைச் செருமினான். "சார், அந்த ஒப்பந்தத்த மாத்துதோம் சார். நாளைக்கு அவுகளுக்கு விடுதேன்."

சாரின் சிரிப்பு நின்றது. "மாத்துததா? இப்பத்தான எல்லாரும் பாத்து முடிச்சாங்க. இன்னைக்குப் போட்ட ஒப்பந்தத்த இன்னைக்கே மீறுனா என்ன நெனப்பாங்க? டிசம்பர் வரைக்கும்னு பலகையில எழுதியிருக்கு. சிராஜுதீனுக்குன்னு எழுதியிருக்கு. அப்படியே இருக்கட்டும்."

"சார், அதுல சிராஜுதீன்னு இருக்கது நான் இல்ல சார்."

"பின்ன யாரு?"

"அவுக."

சார் என்னைப் பார்த்தார். "அப்போ சம்மதிச்சது?"

"அது நான் சார்" என்றான் சிராஜுதீன்.

சார் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். அதில் விளக்கம் எதுவும் கிடைக்கவில்லை. போனைப் பைக்குள் வைக்கப் போனார். வைத்துவிட்டால் முடிவு முடிவுதான். அவர் ஒன்றைத் திரும்பப் பேசுகிறவர் இல்லை. வழக்கமாக அந்த இடத்தில் நான் சுவரைப் பார்ப்பேன்.

"சார்" என்றேன். அவர் நின்றார். அவரிடம் நான் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். "அந்த நாற்காலியில உக்காந்தது நான். பெட்டி வேணும்னு கேட்டது நான். விட்டுத் தாரேன்னு சரி சொன்னது சிராஜுதீன். அப்போ ஒப்பந்தப்படி இன்குபேட்டர் எனக்குத்தான் சார்."

சார் என் முகத்தையே பார்த்தார். சிராஜுதீன் திரும்பி நின்று மைக்ராஸ்கோப்பைத் துடைத்தான். அவன் தோள் குலுங்கியது.

"அப்போ மீறல?"

"மீறல சார். நிறைவேத்துதோம்."

"டிசம்பர் வரைக்குமா?"

"அவ்வளவு வேண்டாம் சார். மழை விட்டதும் நானே விட்டுக் கொடுத்திருதேன்."

"அது பெருந்தன்மை" என்றார் சார். குரூப்பில் மாற்றி எழுத எதுவும் இல்லை என்பதில் அவருக்கு நிம்மதி. போய்விட்டார்.

மறுநாள் நான் பயிற்சிக்குப் போகவில்லை. பாலங்களின் மேல் நின்று கயிற்றில் வாளியை இறக்கினேன். ஆறு செம்மண் கரைத்த நிறத்தில், சத்தத்தோடு போனது. ஊருக்கு மேலே, ஆறு ஊருக்குள் வரும் முன் ஒன்று, ஊருக்குக் கீழே, ஊரைத் தாண்டிய பின் ஒன்று என்று பாட்டில்களை நிரப்பி, ஐஸ் போட்ட பெட்டியில் அடுக்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கல்லூரி நிறுத்தம் வருவதற்கு முன்பே, "காலேஜ் எறங்கணும்" என்று சொன்னேன். கண்டக்டர் விசில் அடித்தார். அவ்வளவுதான் அது.

சிராஜுதீனும் பயிற்சிக்குப் போகவில்லை. பெட்டியைக் காலிசெய்து, துடைத்து, முப்பத்தேழுக்கு ஏற்றிவைத்திருந்தான். அதனால் எங்கள் இருவருக்கும் மோதல் தீர்வில் சர்டிபிகேட் கிடையாது. ஸ்டெபிக்கு உண்டு.

ஒரே ராத்திரியில் தட்டுகள் நன்றாக முளைத்தன. ஊருக்கு மேலே எடுத்த தண்ணீரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள். ஊருக்குக் கீழே எடுத்ததில் தட்டு கொள்ளாமல், பச்சையாக, தகரம்போல மினுங்கிக்கொண்டு நின்றன. சாக்கடைக் கிருமிகளின் நிறம் அது. ஆற்றுக்குக் கெட்ட செய்தி. எனக்கு அத்தியாயம்.

சிராஜுதீன் என் தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தான்.

"இதையா நாம குடிக்கோம்?"

"கொதிக்க வச்சுக் குடி."

அவன் ஜன்னலைத் திறந்தான். வெயில் பளீரென்று மேசைமேல் விழுந்தது. அவன் தட்டுகள் அங்கேதான் இருந்தன.

"மழை விட்டுட்டு. முளைச்சும் போச்சு. பெட்டியக் காலி பண்ணு."

"இன்னும் எண்ணி முடிக்கல. இந்த வரிசைய நாளைக்குக் காலையிலதான் பாக்கணும்."

"பேச்சு என்ன? ஒரு நிமிசம் கிடையாதுன்னு சொன்னேம்லா."

"முடியாது" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே குழாயில் துணியை நனைத்துப் பிழிந்து, சூடு ஏறாமலிருக்கப் பூஞ்சைத் தட்டுகளைச் சுற்றி விரித்து, ஜன்னலைச் சாத்தினான். நான் அடுத்த தட்டை எடுத்து எண்ணத் தொடங்கினேன்.